துருவின் பிடி

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டி மேலே ஏறினால் கியா பார்ம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், தீபகற்ப மலேசியாவின் மிக உயரமான ஊர்களில் ஒன்று அது. பக்கத்துச் சரிவுகளில் தேயிலை, சாலையோரம் சந்தை, அதைச் சுற்றிப் படிப்படியாக வெட்டிய மண்ணில், பிளாஸ்டிக் கூரைகளுக்குக் கீழே முட்டைக்கோசு, தக்காளி, ஸ்ட்ராபெரி. இத்தனை உயரத்தில் குடியிருப்பவர்களுக்கு மேலேயிருந்து வந்து சேரும் அழுக்கு குறைவு. கீழே அனுப்பும் அழுக்குதான் கேள்வி. இலையில் அடிக்கும் மருந்தில் இலையில் தங்காதது மண்ணுக்கும், மண்ணில் தங்காதது ஓடைக்கும் போகிறது. பெர்த்தாம், தெலோம் ஆறுகளின் தலைநீர் இந்த மலைச் சரிவுகளில்தான் பிறக்கிறது. மலையின் ஆறுகளில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதை மலேசியப் பல்கலைக்கழக ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. இந்தக் காய்கறிப் படிகளில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களில் வங்காளதேசத்துக்காரர்களும் உண்டு. அவர்கள் விட்டுவந்த நாட்டின் குழாய்க்கிணறுகளில் எவரும் தெளிக்காத நஞ்சு ஒன்று ஊறிக்கொண்டிருக்கிறது: ஆர்செனிக். மனிதன் ஊற்றிய நஞ்சு ஒன்று, மண்ணே கக்கிய நஞ்சு ஒன்று. இரண்டையும் தன் ஆய்வு வாழ்க்கையில் அடுத்தடுத்துக் கையில் எடுத்த பொருளறிவியல் வேதியியலாளர் ஒருவர் இருக்கிறார்: சென்னை ஐஐடியின் பேராசிரியர் தலப்பில் பிரதீப்.

ஒரு வேதியியலாளரின் ஆய்வு வாழ்க்கையை எப்படி எடைபோடுவது? பல்கலைக்கழகங்களிடம் தயாராக ஒரு தராசு இருக்கிறது. எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணினால் ஆயிற்று. 2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் இதையும் ஒற்றை எண்ணாகச் சுருக்கிக் கொடுத்தார். ஒருவருடைய கட்டுரைகளில் ஐம்பது, ஒவ்வொன்றும் குறைந்தது ஐம்பது முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச்-குறியீடு 50. இந்தத் தராசில் பிரதீப் கனமான ஆள்தான். ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள். விண்ணப்பித்தவையும் பெற்றவையுமாக நூற்றுக்கும் மேல் காப்புரிமைகள். 2008இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது. 2020இல் பத்மஸ்ரீயும் நிக்கேய் ஆசியா பரிசும். ஆனால் பொருளறிவியல் வேதியியலைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு பாதிக் கணக்கு என்பது என் வாதம். அந்தத் துறையில் ஒரு கண்டுபிடிப்பின் கடைசித் தேர்வாளர் சக பேராசிரியர் இல்லை, அழுக்குத் தண்ணீர். அந்தத் தேர்வில் எது தேறுகிறது, ஏன் தேறுகிறது என்று பார்க்கும்போதுதான் கட்டுரைகளில் இருந்த அறிவின் மதிப்பும் தெரிகிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு நானோ அறிவியலின் முதல் பாடத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுந்து ஒன்றுதான், பெரிய இலையாக விட்டால் சாரம் மெதுவாக இறங்கும், தூளாக்கினால் கொதிநீர் பட்ட மாத்திரத்தில் நிறம் பிடிக்கும். தே தாரிக் கடைக்காரர் தூள் வாங்குவதன் ரகசியம் மேற்பரப்பு. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்துக்கு வெளிப்பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர், ஒரு பெரிய தபால்தலை அளவு. அதையே பத்து நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர் ஆகிவிடும். ஏழு பூப்பந்து மைதானங்களுக்கு மேல். எடை ஒரு மில்லிகிராம்கூடக் கூடவில்லை. தேயிலைத் தூளோடு ஒப்புமை இங்கே நின்றுவிடுகிறது, ஏனென்றால் நானோ அளவில் பரப்பு பெருகுவதோடு குணமும் மாறுகிறது. ஒரு திண்மத்தின் உள்ளே இருக்கும் அணுவுக்கு எல்லாப் பக்கமும் கூட்டாளிகள். மேற்பரப்பில் இருக்கும் அணுவுக்கு ஒரு பக்கம் காலி. அந்தக் காலியை நிரப்ப அது எதையாவது பிடிக்கப் பார்க்கும். துகள் சிறுக்கச் சிறுக்க, இப்படிக் கை நீட்டிக்கொண்டிருக்கும் அணுக்களின் பங்கு ஏறுகிறது. நகைக்கடைத் தங்கம் எதனோடும் சேராத சோம்பேறி. அதே தங்கம் சில நானோமீட்டர் துகளாகும்போது செந்நிறக் கரைசலாக மாறி, வேதிவினைக்கும் தயாராகிறது. அந்தச் சிவப்புக் கரைசலை மைக்கேல் ஃபாரடே 1857லேயே ஆராய்ந்து, நிறத்துக்குக் காரணம் துகளின் சிறுமைதான் என்று சொல்லிவிட்டார்.

பிரதீப் இந்த இடத்துக்கு வந்த வழி நேர்வழி இல்லை. 1963இல் கேரளத்தின் பந்தாவூரில் பிறந்து, கோழிக்கோடு பல்கலைக்கழகத்தில் படித்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி.என்.ஆர். ராவ், எம்.எஸ். ஹெக்டே ஆகிய இருவரின் வழிகாட்டலில் 1991இல் முனைவரானார். ராவ் 1976இல் அங்கே திண்மநிலை, கட்டமைப்பு வேதியியலுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியவர். திண்மப் பொருள்களின் வேதியியல் இந்தியாவில் ஒரு துறையாக வேர்பிடித்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பிறகு அமெரிக்காவில் பெர்க்லியிலும் பர்டியூவிலும் சில காலம். 1993இல் சென்னை ஐஐடியில் சேர்ந்தபின் பிரதீப் எடுத்துக்கொண்டவை ஃபுல்லரீன், உலோகத் துகள்மேல் தானாக அடுக்கிக்கொள்ளும் ஒற்றை மூலக்கூறுப் படலம், பனிக்கட்டியின் மேற்பரப்பு, எண்ணி இத்தனை அணுக்கள் என்று சொல்லக்கூடிய உலோகக் கொத்துகள் போன்றவை. இவற்றில் குடிநீர் எங்கும் இல்லை. ஒரு பொருளின் விளிம்பில் என்ன நடக்கிறது என்ற கேள்வி மட்டும் எல்லாவற்றிலும் இருக்கிறது.

அந்தக் கேள்வி 2003 வாக்கில் ஓர் எதிர்பாராத விடை தந்தது. கார்பன் டெட்ராகுளோரைடு ஒரு பிடிவாதமான சேர்மம். ஒரு காலத்தில் தீயணைப்பானிலும் உலர்சலவையிலும் பயன்பட்டதே அது எளிதில் எரியாது, சிதையாது என்பதால்தான். பிரதீப்பும் மாணவரும் வெள்ளி, தங்க நானோத் துகள்களை அதனோடு சேர்த்தபோது, சாதாரண வெப்பநிலையிலேயே குளோரின் உலோகத்தோடு போய் உப்பானது. கார்பன் வெறும் கரியாக மிஞ்சியது. வெள்ளிக் கம்பியோ வெள்ளிக் காசோ இதைச் செய்யாது. குளோரினைச் சுமந்த மூலக்கூறு என்றால் பூச்சிமருந்துகளில் பல அந்தச் சாதிதான். எண்டோசல்ஃபான் மூலக்கூறில் ஆறு குளோரின் அணுக்கள். காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்கள் மேல் ஹெலிகாப்டரில் தெளிக்கப்பட்டு, மலையாளிகளுக்கு ஒரு துயரத்தின் பெயராகவே மாறிப்போன மருந்து அது. 2011இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்ந்தது, அதே ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றமும் தடை விதித்தது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, எண்டோசல்ஃபான் தங்க நானோத் துகளில் ஒட்டிக்கொள்கிறது, ஒட்டும்போது கரைசலின் நிறம் மாறுகிறது என்று பிரதீப் குழு எழுதியிருந்தது. குளோர்பைரிஃபாஸ், மாலத்தியான் என்று பட்டியல் பிறகு நீண்டது. ஒட்டுவது, உடைவது இரண்டும் நடக்கின்றன. எந்த மருந்துக்கு எது என்பதுதான் அடுத்த பத்தாண்டுக் கட்டுரைகளின் விஷயம்.

காலமும் கைகொடுத்தது. 2003 பிப்ரவரியில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், கடையில் விற்கும் பாட்டில் தண்ணீரில் பூச்சிமருந்து இருப்பதை வெளியிட்டது. ஆகஸ்டில் குளிர்பானங்களின் முறை. நாடே பேசியது. அதன்பின் பாட்டில் தண்ணீருக்கு வந்த இந்திய வரம்பு, எந்த ஒரு பூச்சிமருந்தும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது. ஒரு கிராம் மருந்தை ஒரு கோடி லிட்டர் தண்ணீரில் கரைத்தால் கிடைக்கும் அளவு அது. இவ்வளவு சிறிய எண்ணைத் தொட, வடிகட்டும் பொருளுக்கு அந்த மூலக்கூறின்மேல் அளவுகடந்த பற்று இருக்க வேண்டும். அலுமினாத் துகள்கள் மேல் வெள்ளி நானோத் துகளைப் படியவைத்த பொருள் அப்படிப்பட்டதாக இருந்தது. 2007இல் யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் அதை வைத்து வீட்டு வடிகட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஓர் ஆய்வகக் குறிப்பு நான்கே ஆண்டில் அடுப்படிக்கு வருவது இந்தியாவில் அபூர்வம். இருந்தும், என் பார்வையில், பிரதீப்பின் பெரிய வேலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்தை அரைத்துக் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் ஆர்செனிக் எப்போதும் இருந்தது. அதனால் கேடில்லை, ஏனென்றால் வண்டல் மணிகளின்மேல் படிந்திருந்த இரும்புத் துரு அதை இறுகப் பிடித்திருந்தது. வங்காளத்தில் குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்த காலத்தில், நிலத்தடி நீர் கிருமியற்றது என்ற நல்ல எண்ணத்தோடு குழாய்க்கிணறுகள் லட்சக்கணக்கில் இறக்கப்பட்டன. அவை எட்டிய ஆழத்தில் காற்றில்லை. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள், நாம் ஆக்ஸிஜனைப் பயன்படுத்துவதுபோல, துருவில் உள்ள இரும்பைப் பயன்படுத்தி மூச்சுவிடுகின்றன. அப்போது துரு கரைகிறது, பிடி விடுகிறது, ஆர்செனிக் நீரில் இறங்குகிறது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. 1983இல் கொல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவர் கே.சி. சாகா, கிராமத்து நோயாளிகளின் உள்ளங்கைத் தடிப்புக்கும் மேனிப் புள்ளிகளுக்கும் காரணம் கிணற்று நீர் என்று கண்டார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் திபங்கர் சக்ரவர்த்தி அடுத்த முப்பது ஆண்டுகள் ஊர் ஊராக நீர் மாதிரி எடுத்துக் கத்திக்கொண்டிருந்தார். உலக சுகாதார நிறுவனம் 1993இல் குடிநீருக்கான வரம்பை லிட்டருக்கு 10 மைக்ரோகிராமாகக் குறைத்தது. வங்காளதேசத்தில் மட்டும் அதைப்போல் ஐந்து மடங்குக்கும் அதிகமான நீரைக் குடித்தவர்கள் சுமார் மூன்றரைக் கோடி என்பது பிறகு வந்த மதிப்பீடு.

ஆக, நோயை உண்டாக்கியது துரு கைவிட்டதுதான் என்றால், மருந்தும் துருவிலேயே இருக்கிறது: அந்தப் பிடியை வீட்டுக்குள் ஒரு குடுவையில் மறுபடி உண்டாக்க வேண்டும். சொல்வது சுலபம். நிலத்தடியில் ஆர்செனிக் இரண்டு உருவில் வரும். ஆர்செனேட்டுக்கு மின்னேற்றம் உண்டு. இரும்பு ஆக்ஸிஹைட்ராக்சைடின் மேற்பரப்பில் அது இரண்டு ஆக்ஸிஜன் கைகளால் பற்றிக்கொள்ளும். ஆர்செனைட்டுக்குச் சாதாரணக் கிணற்று நீரில் மின்னேற்றமே இல்லை. அதிக நஞ்சும் அதுதான், நழுவுவதும் அதுதான். அதனால் பல வடிகட்டிகள் முதலில் குளோரினோ வேறு எதுவோ போட்டு ஆர்செனைட்டை ஆர்செனேட்டாக மாற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். இரண்டையும் பிடிக்கக்கூடிய துரு வகை ஒன்று உண்டு, ஃபெரிஹைட்ரைட். அணுக்களின் ஒழுங்கு மிகக் குறைவு என்பதால் எக்ஸ் கதிர்ப் படத்தில் இரண்டே மங்கலான கோடுகள் காட்டும் வகை அது. ஒழுங்கற்று இருப்பதே அதன் பலம். கை நீட்டும் அணுக்கள் அதில் ஏராளம். பலவீனமும் அதுவே. விட்டுவைத்தால் நாளடைவில் ஒழுங்குக்குத் திரும்பிச் சாதாரணத் துருவாகிப் பரப்பை இழந்துவிடும். வீட்டு வடிகட்டியில் ஓராண்டு உட்கார வேண்டிய பொருளுக்கு இது ஆகாது.

இங்கேதான் மேற்பரப்பு வேதியியலாளரின் கை தெரிகிறது. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசன் என்ற பாலிமரின் சிக்கலுக்குள் இந்தத் துருத் துகளை அது பிறக்கும்போதே அடைத்துவிட்டால், வளரவும் ஒழுங்குபடவும் இடமிருக்காது. சிறையில் அடைத்த அவசரக்காரனைப் போல அது இளமையிலேயே நின்றுவிடுகிறது. 2017இல் வெளியான கட்டுரை இந்தக் கதையைச் சொல்கிறது. அதற்கு முன் 2013இல், அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில், இதே உத்தியின் அலுமினிய வடிவம் வந்தது: அலுமினியம் ஆக்ஸிஹைட்ராக்சைடும் கைட்டோசனும் சேர்ந்த வலைக்குள் வெள்ளி நானோத் துகள். கிருமியைக் கொல்வது அதிலிருந்து கசியும் வெள்ளி அயனி. சிக்கல் எங்கே என்றால், உண்மையான கிணற்று நீரில் கார்பனேட்டும் சிலிக்கேட்டும் இருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தில் உப்புப் படிவதுபோல அவை துகளின்மேல் படிந்து, சில நாளில் கசிவை அடைத்துவிடும். வலைக்குள் இருக்கும் துகளை அந்தப் படிவு அண்டவில்லை. கசிவு தொடர்ந்தது, அதுவும் குடிநீருக்கான வெள்ளி வரம்புக்குள்ளேயே. பொருளைத் தயாரித்ததும் தண்ணீரிலேயே, மின்சாரம் இல்லாமல், அறை வெப்பநிலைக்கு அருகில். கையில் எடுத்தால் ஆற்று மணல் போல இருக்கும் என்று எழுதினார்கள். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுச் செலவு 2.5 அமெரிக்க டாலர் என்றும் எழுதினார்கள். உயர்ந்த அறிவியல் இதழ் ஒன்றின் சுருக்கவுரையில் ஒரு குடும்பத்தின் செலவுக் கணக்கு இடம்பெறுவது அன்றாடம் காணும் காட்சியில்லை. அந்த ஒரு வரிக்காகவே எனக்கு அந்தக் கட்டுரையின்மேல் தனி மதிப்பு.

அழுக்குத் தண்ணீரைத் தேர்வாளர் என்றது இதனால்தான். ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீரில் ஆர்செனிக்கைக் கரைத்து, அதை உறிஞ்சும் புதுப் பொருள் ஒன்றைக் காட்டும் கட்டுரைகள் உலகில் ஆயிரக்கணக்கில் வருகின்றன. அவை ஒன்றையொன்று மேற்கோள் காட்டி எல்லோருடைய எச்-குறியீட்டையும் வளர்க்கின்றன. பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் இரும்பும் கலந்த ஒரு மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத் கிணற்றில் அவற்றில் பெரும்பாலானவை ஒரு வாரம் தாங்காது. இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. மேற்கோள் எண்ணில் குறை இருந்தாலும் அது யாரோ மூன்றாம் ஆள் எண்ணியது; களத்தில் இத்தனை பேர் பயனடைந்தார்கள் என்பது கண்டுபிடித்தவரோ அவரை ஆதரித்த அரசோ சொல்லும் எண். பிரதீப் குழு அம்ரித் என்று பெயரிட்ட ஆர்செனிக் வடிகட்டி பத்து லட்சம் பேருக்கு மேல் நீர் தருவதாகச் சொல்லப்படுகிறது. யார் தலைகளை எண்ணினார்கள்? மறுப்பு சரி. பயனாளி எண்ணிக்கையை நானும் தராசில் வைக்கச் சொல்லவில்லை. வடிகட்டிக்கு உள்ளே போகும் நீரிலும் வெளியே வரும் நீரிலும் ஆர்செனிக் எவ்வளவு என்பதை எந்த ஆய்வகமும் அளந்துவிடலாம். ஆறு மாதம் கழித்துத் திரும்பப் போயும் அளக்கலாம். அந்த எண் கண்டுபிடித்தவரின் பேச்சைக் கேட்காது, மேற்கோள் காட்டும் நண்பர்களின் பேச்சையும் கேட்காது. ஒரு பொருளறிவியலாளரின் பணியைப் பல்கலைக்கழகம் மதிப்பிடும்போது, இந்த அளவீடுகள் இருக்கின்றனவா, யார் எடுத்தார்கள் என்று கேட்பது மேற்கோள்களை எண்ணுவதைவிடக் கடினம். கடினம் என்பதுதான் அது கேட்கப்படாததற்கும் காரணம்.

இன்னொரு மறுப்பு இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். பயனை வைத்து அளக்கத் தொடங்கினால் அடிப்படை ஆய்வு செத்துவிடும், எல்லோரும் வடிகட்டி செய்யத் தொடங்கிவிடுவார்கள் என்பார்கள். பிரதீப்பின் வரலாறே இந்தப் பயத்துக்கு விடை. 1993இல் அவரிடம் ஒரு நிதிக்குழு குடிநீர்த் திட்டம் ஒன்றைக் கேட்டிருந்தால், அன்று யாருக்கும் தோன்றக்கூடிய செயலூட்டிய கரியைத்தான் அவரும் எழுதியிருப்பார். வெள்ளித் துகள் கார்பன் டெட்ராகுளோரைடை உடைப்பதை யாரும் தேடவில்லை. மேற்பரப்பை அறிய வேண்டும் என்று பத்தாண்டு செலவழித்தவர்களின் கண்ணில் அது பட்டது, பட்டபோது அது என்ன என்று அவர்களுக்குத் தெரிந்தது. துருவைச் சிறைவைக்கும் யோசனையும் அப்படித்தான்: நிலையற்ற கட்டமைப்பு ஏன் நிலையற்றது என்பதை அறிந்தவருக்குத்தான் அதை நிறுத்திவைக்கும் வழி தோன்றும். ஆகவே களத்து எண்ணைக் கேட்பது அடிப்படை ஆய்வுக்குப் பகையாகாது, ஒரு நிபந்தனையோடு: கேள்வியை இருபது ஆண்டு கழித்துக் கேட்க வேண்டும். மூன்றாண்டுத் திட்ட அறிக்கையில் கேட்டால் அந்தப் பயம் நிஜமாகிவிடும்.

இவ்வளவையும் ஒரு பெயரின்மேல் ஏற்றுவது நியாயமா என்றால், இல்லை. கட்டுரைகளின் முதல் பெயர்கள் பெரும்பாலும் மாணவர்களுடையவை. இரும்பைக் கொண்டு ஆர்செனிக்கைப் பிடித்தவர்களில் பிரதீப் முதல்வரும் இல்லை. வங்காளதேசத்தில் பிறந்து அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அபுல் ஹுசாம், வாளியும் மணலும் இரும்புக் கூளமும் கொண்டு செய்த சோனோ வடிகட்டிக்காக 2007இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகத்தின் கிரெய்ஞ்சர் பரிசாகப் பத்து லட்சம் டாலர் பெற்றார். அதே ஆண்டு வெள்ளிப் பரிசு, மேற்கு வங்கக் கிராமங்களில் ஊர்ப் பொதுக் கிணற்றோடு வடிகட்டியை இணைத்த லீஹை பல்கலைக்கழகத்தின் அரூப் சென்குப்தாவுக்கு. மூவரும் ஆர்செனிக்கைப் பற்றும் மேற்பரப்பைத்தான் வெவ்வேறு வழியில் பயன்படுத்தினார்கள். 2022இல் வியட்நாமின் வின்ஃபியூச்சர் பரிசும் சவுதியின் இளவரசர் சுல்தான் நீர்ப் பரிசும் பிரதீப்பைத் தேடி வந்தன. ஹுசாமின் வாளி இல்லாமல் அந்த வரிசையை எழுத முடியாது. பிரதீப் மலையாளத்தில் நானோ அறிவியல் பற்றி எழுதிய நூலுக்குக் கேரள சாகித்திய அகாதமி விருது கிடைத்ததையும் இந்தக் கணக்கில் சேர்ப்பேன், எந்தக் குறியீட்டிலும் அது ஏறாது என்றாலும்.

எனக்கு உண்மையிலேயே கனமாகத் தோன்றும் மறுப்பு கியா பார்மிலிருந்துதான் எழுகிறது. ஆர்செனிக்கை வண்டலில் வைத்தவர் யாரும் இல்லை. வழக்குப் போட ஆளில்லை. அங்கே வடிகட்டி ஒரு தேவை, ஆழக்கிணறோ குழாய்நீரோ வரும்வரையாவது. பூச்சிமருந்து அப்படியில்லை. மருந்தை விற்றவர் இருக்கிறார், அளவு மீறி அடித்தவர் இருக்கிறார், பார்த்தும் பாராதிருந்த அலுவலகம் இருக்கிறது. அப்படியிருக்க, கீழே குடிப்பவர் கையில் ஒரு வடிகட்டியைக் கொடுத்து, அதற்குக் காசும் அவரிடமே வாங்கினால், குற்றம் மேலே இருக்கச் செலவு கீழே இறங்கிவிட்டது என்று பொருள். இந்தக் குற்றச்சாட்டை நான் முழுதாக ஏற்கிறேன். மேற்பரப்பு வேதியியல் இரண்டு நஞ்சையும் பிடிக்கலாம் என்பதற்காக இரண்டுக்கும் ஒரே தீர்வு என்று ஆகிவிடாது. பூச்சிமருந்துகூட ஒரு வேதியியலாளரின் வெற்றிதான் என்பதை மறக்க வேண்டாம். டிடிடியின் பூச்சிக்கொல்லித் திறனை 1939இல் கண்ட பால் முல்லருக்கு 1948இல் மருத்துவ நோபல் கிடைத்தது. அன்றைய எந்தத் தராசிலும் அவர் எடை குறையவில்லை. தண்ணீர் தன் தீர்ப்பைச் சொல்லப் பிறகு இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

ஆனால் பிரதீப்பின் 2003ஆம் ஆண்டு வேலையில், சந்தைக்குப் போன பாதியைவிடப் போகாத பாதி இந்த மலைக்கு அதிகம் உதவும் என்று தோன்றுகிறது. எண்டோசல்ஃபான் ஒட்டினால் தங்கக் கரைசலின் நிறம் மாறுகிறது என்ற அந்தக் கவனிப்பு வடிகட்டுவதைப் பற்றியது இல்லை, கண்டுபிடிப்பதைப் பற்றியது. ஓடை நீரை ஒரு குப்பியில் பிடித்துக் கோலாலம்பூருக்கு அனுப்பி, நிறமாலைக் கருவியின் அறிக்கைக்குக் காத்திருக்காமல், மழை விட்ட மறுநாளே காய்கறித் தோட்டத்து வாய்க்காலில் நின்று பார்க்க முடிந்தால், குற்றம் எங்கே தொடங்குகிறது என்பது படியளவுக்குத் தெரியும். இப்போதைக்கு அது முழுதாகக் கைகூடவில்லை, காரணமும் வேதியியல்தான். தங்கத் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கினாலே சிவப்பு நீலமாகிவிடும், ஓடையில் கரைந்திருக்கும் சாதாரண உப்பே அவற்றை நெருங்க வைக்கும். பொய் எச்சரிக்கை தரும் கருவியை வைத்து எந்த அதிகாரியும் ஒரு விவசாயிமேல் நடவடிக்கை எடுக்க முடியாது. உப்புக்கு அசையாமல் மருந்துக்கு மட்டும் அசையும் மேற்பரப்பைச் செய்வது எப்படி என்பது அடுத்த தலைமுறைக்கு மிஞ்சியிருக்கும் நல்ல கேள்வி. அதைத் தீர்ப்பவரின் எச்-குறியீடு என்னவாக இருக்கும் என்று எனக்குக் கவலையில்லை.

வடிகட்டியைப் பற்றியே இன்னும் ஒரு கணக்குப் பாக்கி. நிரம்பிப்போன துருவை என்ன செய்வது? ஒரு வீடு ஓராண்டு குடித்த நீரின் ஆர்செனிக் முழுவதும் இப்போது ஒரு கைப்பிடி பழுப்பு மணலில் இருக்கிறது. இப்படிப்பட்ட கழிவிலிருந்து நஞ்சு கசியுமா என்று பார்க்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வகுத்த சோதனை ஒன்று உண்டு. இரும்புப் பொருள்கள் அதில் பொதுவாகத் தேறிவிடும். ஆனால் அந்தச் சோதனை ஒரு நாளுக்குள் முடிந்துவிடும் குலுக்கல். குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாத சேற்றில் பல ஆண்டு கிடந்தால் நடப்பதை அது காட்டாது என்று பிற்கால ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. அங்கே வங்காளத்தின் ஆழத்தில் இருந்த அதே வகை நுண்ணுயிர்கள் அதே வேலையைச் செய்யும்: துருவை மூச்சாக்கும், பிடியை விடுவிக்கும். அதனால்தான் மேற்கு வங்கத்தில் சென்குப்தாவின் குழு, பழைய துருவைப் புதைக்காமல், காற்று படும்படி கரடான மணல் தொட்டியில் வைத்துக் காக்கச் சொன்னது.